சமகாலச் சீனச் சமூகம்: பள்ளியில் இருந்தபடியே இணையவழியில் கல்லூரித் தரத்தில் படிக்க முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் இன்றைய சீனச் சமூகத்தைப் பற்றிக் கல்லூரித் தரத்தில் இணையவழிப் படிக்கச் சேரும்போது, சில ஆண்டுகளாக அவர்களுக்குப் பக்கத்துணையாக இருந்து வருகிறேன். நடுவில் விட்டுவிட்டுப் போனவர்கள் எவரும் அறிவுக் குறைவால் போகவில்லை. தொடங்கிய இடம் தவறு, அவ்வளவுதான். அன்றைய செய்தித் தலைப்பிலிருந்து தொடங்குவார்கள். மூன்றாவது வாரம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. கடைசியில் "எல்லாம் அரசு செய்தது" என்ற ஒரே வாக்கியத்தைப் பத்துப் பக்கத்துக்கு நீட்டி எழுதிக் கொடுப்பார்கள்.

இந்த வழிகாட்டி ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் ஹுகோ என்ற சிறு பதிவுக் கையேட்டிலிருந்து நாட்டை நோக்கிப் போகிறது. மொத்தம் பதினான்கு வாரம், வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு படிகளுக்கு இரண்டு வாரம் போதும். அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் பின்னால் திரும்பி வந்திருக்கிறார்கள்.

1. சேரும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் தகுதி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்பைஸ் அமைப்பு நடத்தும் சைனா ஸ்காலர்ஸ் புரோகிராம், அமெரிக்காவில் பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. வேறு நாட்டில் பள்ளிப் படிப்பைத் தொடரும் மாணவர் விண்ணப்பக் கட்டுரையை இரவெல்லாம் விழித்து எழுதி முடித்த பிறகு இந்த வரியைப் படித்து நொந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை அல்ல, தகுதிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

அந்தத் தகுதி இல்லாதவர்கள் திறந்தநிலைப் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டு எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் தொடங்கிய சைனாஎக்ஸ் பாட வரிசை நல்லது. ஆனால் அது பண்டைய காலத்திலிருந்து தொடங்குகிறது. உங்களுக்கு வேண்டியது அதன் பிற்பகுதி. "முதலிலிருந்து வரிசையாகப் பார்த்துவிடுகிறேன்" என்று சபதம் எடுத்தவர்கள் அரச வம்சங்களிலேயே நின்றுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டுப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

அடுத்தது நேரம். நேரலை வகுப்பு இருந்தால் இது விளையாட்டல்ல. சீனா முழுவதற்கும் ஒரே நேரம். இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால். கலிஃபோர்னியாவில் கோடைக்காலத் திங்கள் மாலை 6 மணி என்றால், பெய்ஜிங்கில் செவ்வாய் காலை 9 மணி. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். சீனாவில் அந்த வழக்கம் இப்போது இல்லை. ஆகவே அந்த வாரம் முதல் பெய்ஜிங்கில் அது 10 மணி. சீனாவில் இருக்கும் விருந்தினர் பேசும் வகுப்பைத் தவறவிட்டவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு மணி நேரத்தில்தான் தவறவிட்டார்கள். நாட்காட்டிச் செயலியில் இரண்டு ஊர்களின் நேரத்தையும் சேர்த்து வையுங்கள்.

கருவிகள் மூன்று போதும். பிளெக்கோ அகராதிச் செயலி, படித்த கட்டுரைகளின் விவரங்களைச் சேமிக்க சோட்டேரோ, ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். சீன மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாது என்பதை மறந்துவிடாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

2. பெயர்களைப் பழகுதல்

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஷி ஜின்பிங் என்பவரின் குடும்பப் பெயர் ஷி. நம் வழக்கத்தில் முன்னால் நிற்பது தந்தையின் முதலெழுத்து, பின்னால் வருவதே ஆளின் பெயர். எனவே நம் பிள்ளைகள் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு "ஜின்பிங் கூறுகிறார்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கில நூல்களில் சில சீன ஆய்வாளர்கள் தங்கள் பெயரை மேற்கத்திய முறைக்கு மாற்றிப் போடுவதும் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். சோட்டேரோவில் ஏற்றும்போதே எது குடும்பப் பெயர் என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். கட்டுரையின் கடைசி இரவில் அறுபது பெயர்களைத் திருத்துவது கொடுமை.

அடுத்து எழுத்துக்கூட்டல். இன்று சீனா பயன்படுத்தும் ரோமன் எழுத்து முறைக்குப் பின்யின் என்று பெயர். அதில் கியூ என்ற எழுத்துக்குக் 'க' ஒலி இல்லை, ஏறக்குறைய 'ச்ச'. எக்ஸ் என்ற எழுத்து 'ஷ'வுக்கு அருகில். சி என்ற எழுத்து 'த்ஸ'. பழைய நூல்களில் பீகிங், கான்டன், அமோய் என்று வருபவையே இன்றைய பெய்ஜிங், குவாங்ஜோ, ஷியாமென். இதை அறியாமல் ஒரே ஊரை இரண்டு ஊராக எண்ணிப் பத்தி எழுதிய மாணவர்கள் உண்டு.

நோட்டில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: தமிழில் நீங்கள் ஒலிக்கும் விதம், பின்யின், சீன எழுத்து, ஒரு வரி விளக்கம். சீன எழுத்தை நகலெடுத்து வைப்பது எதற்கு என்று கேட்பார்கள். ஷான்சி என்று இரண்டு மாகாணங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று நிலக்கரிக்குப் பெயர்போனது, தலைநகர் தைய்யுவான். மற்றொன்றின் தலைநகர் சுடுமண் படைவீரர்கள் இருக்கும் ஷிஆன். சீனத்தில் ஒலியின் ஏற்ற இறக்கம் மட்டுமே இரண்டையும் பிரிக்கிறது. தமிழில் அதுவும் கிடையாது. ஒரு மாணவர் சுரங்கத் தொழிலாளர்கள் பற்றி எழுதிய கட்டுரையில் பாதிப் புள்ளிவிவரங்கள் பக்கத்து மாகாணத்துக்குரியவை. சீன எழுத்தை வைத்திருந்தால் இரண்டு நொடியில் தெரிந்திருக்கும்.

3. வரைபடமும் நிர்வாக அடுக்கும்

வெற்று வரைபடம் ஒன்றை அச்செடுத்து, கையால் பெயர் எழுதுங்கள். எல்லா மாகாணமும் வேண்டாம். உங்கள் வாசிப்பில் வரும் பன்னிரண்டு பதினைந்து இடங்கள் போதும். பிறகு வடகிழக்கில் ஹெய்ஹெயிலிருந்து தென்மேற்கில் தெங்சோங் வரை ஒரு கோடு கிழியுங்கள். ஹு ஹுவான்யோங் என்ற புவியியலாளர் 1935ஆம் ஆண்டு வரைந்து காட்டிய கோடு அது. கோட்டுக்குக் கிழக்கே இருப்பது நாட்டின் பரப்பில் பாதிக்கும் குறைவு, மக்கள் தொகையில் பத்தில் ஒன்பதுக்கும் மேல். "சீனாவில் சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டருக்கு" என்று தொடங்கும் வாக்கியத்தை இனி எழுதக் கை கூசும்.

'நகரம்' என்ற சொல்லில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். சீனாவில் நகரம் என்பது நிர்வாகத் தகுதி. சோங்சிங் மாநகரத்தின் பரப்பு ஏறத்தாழ 82,400 சதுர கிலோமீட்டர், அதாவது கேரளத்தைப் போல இரண்டு மடங்கு. அதற்குள் மலைகளும் வயல்களும் கிராமங்களும் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் 3.2 கோடிப் பேர் அங்கே இருந்தார்கள். "உலகின் மிகப் பெரிய நகரம்" என்று இதைச் சென்னையோடு ஒப்பிடுவது ஒரு மாநிலத்தை ஒரு நகரத்தோடு ஒப்பிடுவது. எந்த நகரத்தின் எண்ணை எடுத்தாலும், அது முழு நிர்வாகப் பகுதிக்கா, கட்டடங்கள் நெருங்கிய நகர்ப்பகுதிக்கா என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.

மாகாணம், அதன் கீழ் வட்டார நிலை, அதன் கீழ் கவுன்டி, அதன் கீழ் பேரூர் அல்லது சிற்றூர் நிர்வாகம் என்ற அடுக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். பெய்ஜிங்கில் வெளியாகும் ஓர் ஆணை கவுன்டி வரை இறங்கும்போது உருமாறிவிடும். "அரசு" என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்த அடுக்கு என்று கேட்டுக்கொள்ள இந்தப் பட்டியல் வேண்டும்.

4. எண்களை வாசித்தல்

சீனர்கள் பெரிய எண்களைப் பத்தாயிரம், பத்துக் கோடி என்ற அலகுகளில் எண்ணுகிறார்கள். பத்தாயிரம் ஒரு வான். பத்துக் கோடி ஒரு யி. ஆகவே 14.1 யி என்பது 141 கோடி. யி என்பதைக் கோடி என்று வைத்துக்கொண்டு சீன மக்கள் தொகையைப் பதினான்கு கோடியாக்கிய மாணவர் அதன் மேல் தனிநபர் வருமானமும் கணக்கிட்டு, சீனா சுவிட்சர்லாந்தைத் தொட்டுவிட்டது என்று முடித்திருந்தார். வான், யி, லட்சம், கோடி, மில்லியன், பில்லியன் ஆறையும் ஒரு சிறு அட்டவணையாக்கி மேசைக்கு முன் ஒட்டிவிடுங்கள்.

அதைவிட முக்கியம், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வரையறை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் வசிப்பவர்கள் 63.89 விழுக்காடு. அதே ஆண்டில் நகரப் பதிவு (இந்தப் பதிவு என்ன என்பது அடுத்த படியில்) வைத்திருந்தவர்கள் 45.4 விழுக்காடு. இரண்டும் 'நகரமயமாதல் விகிதம்' என்ற பெயரில்தான் வெளிவருகின்றன. ஏன் இந்த இடைவெளி என்று நீங்களே கேட்டுவிட்டால் அடுத்த படிக்குத் தயார்.

இன்னொன்று. 2023 ஜூனில் 16 முதல் 24 வயது வரையிலானவர்களின் நகர்ப்புற வேலையின்மை 21.3 விழுக்காடு என்று சீனப் புள்ளியியல் அலுவலகம் அறிவித்தது. ஆகஸ்டில் அந்த எண்ணை வெளியிடுவதை நிறுத்தியது. 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது டிசம்பர் மாதத்துக்கு 14.9 விழுக்காடு என்றது. ஆனால் இப்போது மாணவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தார்கள். இரண்டு எண்களையும் ஒரே கோட்டில் புள்ளி வைத்து "வேலையின்மை ஆறே மாதத்தில் சரிந்தது" என்று படம் வரைந்தால் ஆசிரியர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

5. ஹுகோவில் தொடங்குங்கள்

உண்மையான பாடம் இங்கேதான் ஆரம்பம். மூன்று வாரம் இதற்கே கொடுங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பள்ளி, வேலை, திருமணம், வீடு, ஓய்வூதியம் எல்லாம் இதன் கிளைகளாகத் தெரியும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியாகச் சிதறிக் கிடக்கும்.

ஹுகோ என்பது குடும்பப் பதிவு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு கையேடு. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். நம் ஊர் ரேஷன் கார்டு நினைவுக்கு வரும். ஆனால் ரேஷன் கார்டை முகவரி மாறும்போது மாற்றிக்கொள்ளலாம். ஹுகோவை அப்படி எளிதில் நகர்த்த முடியாது. 1958 ஜனவரியில் வந்த சட்டவிதிகள் இதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தன. அவை மக்களை இரண்டு விதமாகப் பிரித்தன: விவசாயப் பதிவா அல்லாததா என்ற வகை ஒன்று, எந்த ஊர்ப் பதிவு என்ற இடம் இன்னொன்று. 1998 வரை குழந்தை தாயின் பதிவையே பெற்றது.

இந்த இரண்டையும் குழப்பாதீர்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம். 2014 ஜூலையில் விவசாயம், விவசாயமல்லாதது என்ற வகைப்பிரிவை நீக்குவதாகச் சீன அமைச்சரவை அறிவித்தது. உடனே "2014இல் ஹுகோ ஒழிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். ஒழிந்தது வகை, இடம் அப்படியே நிற்கிறது. பெருநகரங்களில் கெடுபிடி தொடர்ந்தது. பெய்ஜிங்கும் ஷாங்காயும் மதிப்பெண் முறை வைத்துச் சிலரை மட்டுமே சேர்க்கின்றன. சிறு நகரங்களில் கதவு நன்றாகத் திறந்திருக்கிறது. 2019இல் 10 லட்சம் முதல் 30 லட்சம் வரை மக்கள் உள்ள நகரங்கள் கட்டுப்பாட்டை முற்றிலும் நீக்க வேண்டும் என்று கூறப்பட்டது. போக விரும்பும் நகரத்தில் கதவு சாத்தியிருக்கிறது, திறந்திருக்கும் நகரத்தில் வேலை குறைவு. உங்கள் கட்டுரைக்கான முடிச்சு பெரும்பாலும் இந்த வாக்கியத்துக்குள்தான் இருக்கும்.

எல்லாக் கிராமத்தாரும் நகரப் பதிவுக்குத் தவம் கிடக்கிறார்கள் என்ற எண்ணமும் தவறு. கிராமப் பதிவு உள்ள குடும்பத்துக்குக் கூட்டு நிலத்தில் குத்தகைப் பங்கும் வீட்டுமனையும் உண்டு. நகரத்தில் வேலை போனால் திரும்பிப் போக ஓர் இடம் அது. பெருநகரத்தை ஒட்டிய கிராமமானால் அந்த மனையின் மதிப்பைச் சொல்லவே வேண்டாம்.

இந்தப் படியில் ஒரு நிகழ்வை ஆழமாகப் படியுங்கள். 2003 மார்ச்சில் குவாங்ஜோவில் சுன் ஜிகாங் என்ற 27 வயது வடிவமைப்பாளர் தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லாததால் பிடித்து வைக்கப்பட்டு, காவலில் அடிபட்டு இறந்தார். அவ்வூர் நாளேடு ஒன்று அதை வெளியிட்டது. சட்ட அறிஞர்கள் மனு எழுதினார்கள். சில மாதங்களில் வெளியூர்க்காரர்களைப் பிடித்துச் சொந்த ஊருக்கு அனுப்பும் விதிமுறையே நீக்கப்பட்டது. ஓர் அட்டை, ஒரு மனிதர், ஒரு நாளேடு, ஒரு விதி: நான்கும் ஒரே நூலில் கோத்துவரும் இடம் இது. "அங்கே எதுவும் மாறாது", "அங்கே எல்லாம் மேலிருந்துதான் வரும்" என்ற இரண்டு முன்முடிவுகளையும் அது அசைக்கும். அதற்குப் பிறகு செய்தித்தாள்களுக்கு இருந்த இடம் எப்படிச் சுருங்கியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

6. அடுத்து மக்கள் தொகை

ஹுகோவுக்குப் பிறகே இதைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம், 'ஒரு குழந்தைக் கொள்கை' ஒருபோதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பல மாகாணங்களில் கிராமப் பதிவுள்ள தம்பதிக்கு முதல் குழந்தை பெண் என்றால் இரண்டாவதற்கு அனுமதி இருந்தது. சிறுபான்மை இனங்களுக்கு வேறு விதி. பதிவுமுறை தெரியாமல் இதைப் படித்தால் விதிவிலக்குகள் வெறும் குழப்பமாகத் தோன்றும்.

கால வரிசையை நோட்டில் எழுதுங்கள். 1980 செப்டம்பரில் ஒரு குழந்தை போதும் என்று கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்களுக்கு வந்த திறந்த மடல், 2016 ஜனவரி முதல் இரண்டு குழந்தை, 2021 மே மாதம் மூன்று குழந்தை. இதற்கு மேலே ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்: 1970இல் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தையை ஒட்டி இருந்த பிறப்பு விகிதம் 1980க்கு முன்பே மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. தாமதத் திருமணம், நீண்ட இடைவெளி, குறைந்த குழந்தைகள் என்ற எழுபதுகளின் இயக்கம் அதற்கு முன்பே நடந்திருந்தது. அந்த வரி இல்லாத கட்டுரை முழுச் சரிவையும் 1980இன் கணக்கில் எழுதிவிடும்.

கட்டாயம் இல்லாமல் இது நடந்திருக்காதா என்ற கேள்விக்கு அமர்த்தியா சென் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் காட்டிய வாதம் புகழ்பெற்றது. தமிழ் வாசகருக்குக் கைக்கெட்டும் ஒப்பீடு. ஆனால் ஒப்பீட்டைக் கடைசியில் வையுங்கள். முதல் பத்தியிலேயே வைத்தவர்கள் தமிழ்நாட்டைப் பற்றியே எழுதி முடித்தார்கள்.

2022இல் சீன மக்கள் தொகை 8.5 லட்சம் குறைந்தது. 1960களின் தொடக்கத்துக்குப் பிறகு முதல் சரிவு. 2023இல் 20.8 லட்சம் குறைந்தது, பிறந்த குழந்தைகள் 90.2 லட்சம். விதியைத் தளர்த்தியும் பிறப்பு ஏன் ஏறவில்லை என்ற கேள்வியோடு பள்ளிக்குள் நுழையுங்கள். பதிலில் பாதி அங்கேதான்.

7. பள்ளியும் தேர்வும்

உங்கள் வயதினரின் உலகம் என்பதால் இது எளிதாக வரும். எளிதாக வருவதால்தான் அலட்சியமும் வரும். காவ்காவ் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வு ஜூன் 7ஆம் தேதி தொடங்குகிறது. 2024இல் பதிவு செய்தவர்கள் 1.342 கோடி. அதற்கு மூன்று ஆண்டு முன்னால் ஜோங்காவ் என்ற தேர்வு ஒன்று இருக்கிறது. பொது மேல்நிலைப் பள்ளியா, தொழிற்பள்ளியா என்பதை அது பிரித்துவிடும். காவ்காவ் பற்றி எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. வடிகட்டலில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இப்போது ஹுகோவைக் கொண்டு வந்து பொருத்துங்கள். பெற்றோர் பெய்ஜிங்கில் பதினைந்து ஆண்டு வேலை செய்திருக்கலாம். பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்திருக்கலாம். பதிவு ஹெனான் மாகாணத்தில் இருந்தால் பொதுவாகத் தேர்வுக்கு அங்கே போக வேண்டும். பாடப்புத்தகமும் வினாத்தாளும் மாறலாம். வெளியூர்ப் பதிவுள்ள பிள்ளைகள் வசிக்கும் ஊரிலேயே தேர்வெழுத, 2012 ஆகஸ்டில் மாகாணங்கள் தத்தம் விதிகளை வகுக்குமாறு அமைச்சரவை கேட்டது. மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் மிகக் கடினம்.

2021 ஜூலையில் வந்த 'இரட்டைக் குறைப்பு' ஆணையைச் "சீனா டியூஷனைத் தடை செய்தது" என்று சுருக்குகிறார்கள். ஆணை குறிவைத்தது கட்டாயக் கல்விக்குரிய முதல் ஒன்பது வகுப்புகளில், முதன்மைப் பாடங்களில், லாபத்துக்கு நடத்தும் வகுப்புகளை. இசையும் விளையாட்டும் வேறு கணக்கு. மூன்று குழந்தை அறிவிப்பு வந்து இரண்டே மாதத்தில் இது வந்தது என்பதை உங்கள் கால வரிசை காட்டிக்கொடுக்கும். ஆனால் அடுத்தடுத்து வந்தது என்பதே காரணம் ஆகாது. இணைப்பைக் காட்ட ஆணையின் வாசகம் வேண்டும்.

8. நீண்ட கட்டுரையை வாசிக்கும் முறை

கல்லூரித் தர வாசிப்பு வாரத்துக்கு அறுபது எழுபது பக்கம் வரும். முதல் வரியிலிருந்து அகராதியோடு போனால் பத்தாம் பக்கத்தில் தூக்கம். சுருக்கம், முடிவுரை, பிறகு தரவு எங்கிருந்து வந்தது என்ற பகுதி, அதன் பிறகே நடுப்பகுதி. ஆசிரியர் யாரோடு வாதிடுகிறார் என்று ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

ஒரு கட்டுரைக்கு அரைப் பக்கக் குறிப்பு போதும். அதற்கு மேல் எழுதுபவர்கள் கட்டுரையை நகலெடுக்கிறார்கள்.

9. சான்றுகளை எடைபோடுதல்

எந்தச் சான்றைப் பார்த்தாலும் முதல் கேள்வி: இதற்குப் பணம் கொடுப்பவர் யார்? ஷாங்காயிலிருந்து ஆங்கிலத்தில் வரும் சிக்ஸ்த் டோன் அரசுசார் ஊடகக் குழுமத்துக்குச் சொந்தம். ஆனாலும் அன்றாட வாழ்க்கை குறித்த அதன் செய்திக்கதைகள் பல பயனுள்ளவை. நீக்கப்பட்ட பதிவுகளைச் சேமிக்கும் சைனா டிஜிட்டல் டைம்ஸ் அமெரிக்காவிலிருந்து இயங்குகிறது. அது நீக்கப்பட்டவற்றைத்தான் காட்டும். நீக்கப்படாமல் கோடிக்கணக்கானோர் படித்ததைக் காட்டாது. ஒன்றை நம்பு, மற்றொன்றை விடு என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் எந்தச் சாளரம் என்று எழுதிவையுங்கள். ஆய்வுத் தரவுகளில் ரென்மின் பல்கலைக்கழகத்தின் பொதுச் சமூக ஆய்வும், பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் குடும்பத் தொடராய்வும் கட்டுரைகளில் அடிக்கடி வரும். பெயரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் போதும்.

இயந்திர மொழிபெயர்ப்பு பெரிய உதவி, பெரிய குழி. நோங்மின்கோங் என்ற சொல்லைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'விவசாயத் தொழிலாளி' என்று வரும். உண்மையில் அவர் கிராமப் பதிவோடு தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ சேவைத் தொழிலிலோ இருப்பவர்; வயலில் இல்லை. 2023இல் இவர்கள் 29.75 கோடி. அதே நேரம் 2020 கணக்கெடுப்பு சொல்லும் 37.58 கோடி 'நகரும் மக்கள்' வேறு வரையறை. அதில் குழந்தைகளும் முதியவர்களும் நகரப் பதிவுள்ளவர்களும் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது கட்டுரைகளில் நிரந்தரப் பிழை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் வாதத்தையே தாங்குகிறது என்றால், அந்தச் சொல்லை மட்டுமாவது பிளெக்கோவில் பாருங்கள்.

இணைப்பு இன்று இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. பார்த்த நாளைக் குறித்து, இணையக் காப்பகத்தில் ஒரு நகல் போட்டுவிட்டே அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

10. நேரலை வகுப்பில்

கேள்வியை முன்கூட்டியே எழுதி வாருங்கள். "சீனர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?" என்று கேட்டால் பேச்சாளர் சிரிப்பார். "நீங்கள் ஆய்வு செய்த ஊரில், இந்த விதி வந்த பிறகு பெற்றோர் என்ன செய்தார்கள்?" என்று கேட்டால் பதினைந்து நிமிடம் பேசுவார்.

சீனாவில் இருக்கும் மாணவர்களோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கட்டுப்பாடு. பதிவாகும் வகுப்பில் அவர்களை அரசியல் குறித்துக் கருத்துச் சொல்லும்படி நெருக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் நீங்கள் கணினியை மூடிவிடுவீர்கள். விளைவு அவர்களோடு இருக்கும். அவர்களின் பெயரைக் கட்டுரையில் போடவும் கூடாது. கூகுள் ஆவணமும் யூடியூப் இணைப்பும் அங்கே திறக்காது என்பதையும் நினைவில் வைத்து, கோப்பாக அனுப்புங்கள்.

11. ஆய்வுக் கேள்வியும் கட்டுரையும்

எட்டாவது வாரம் கேள்வியைப் பூட்ட வேண்டும். அதற்கு முன் பூட்டினால் செய்தித் தலைப்பு வரும். அதற்குப் பின் என்றால் எழுத நேரம் இருக்காது.

"சீனக் கல்வியில் சமத்துவமின்மை" கேள்வியே அல்ல, நூலகத்தின் ஓர் அலமாரி. ஓர் ஊர், ஒரு விதி, ஒரு காலம், ஒரு மக்கள் பிரிவு ஆகிய நான்கையும் நிரப்புங்கள். "2014க்குப் பிறகு பெய்ஜிங்கில் வெளியூர்ப் பதிவுள்ள குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் சேரக் கேட்கப்பட்ட சான்றிதழ்கள் எப்படி மாறின?" என்றால் எழுதலாம். ஆங்கிலத்தில் மூன்று ஆய்வுக் கட்டுரையாவது கிடைக்கிறதா என்று ஒரு மாலை தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஊரை மாற்றுங்கள், கேள்வியை அல்ல.

எழுதும் வரிசை: முதலில் சான்றுப் பகுதி, பிறகு பின்னணி, கடைசியாக முன்னுரை. முன்னுரையில் தொடங்குபவர்கள் ஐயாயிரம் ஆண்டு நாகரிகம் என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் போக்குவார்கள். உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று ஒன்றையாவது ஒரு முழுப் பத்தியில் வையுங்கள். அதை அடிக்குறிப்பில் ஒளித்து வைத்தால் மதிப்பெண் அங்கேதான் குறையும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுத வைப்பது பற்றி அந்தந்தப் பாடத்தின் விதியைப் படியுங்கள். விதி அனுமதித்தாலும் மேற்கோள்களை அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் பக்க எண்ணும் கொடுத்துவிடும். நான் திருத்திய ஒரு கட்டுரையில் ஆறு சான்றுகளில் நான்கு உலகத்திலேயே இல்லை.

12. கொடுக்கும் முன் ஒரு மாலை

கட்டுரை முடிந்ததும் இரண்டு நாள் தொடாதீர்கள். பிறகு தேடல் பெட்டியில் 'அரசு' என்று இட்டு, வரும் ஒவ்வொரு இடத்திலும் எந்த அடுக்கு என்று மாற்றுங்கள். அடுத்து 'சீனர்கள்' என்று தேடுங்கள். பெரும்பாலான இடங்களில் 'கிராமப் பதிவுள்ள பெற்றோர்' என்றோ 'ஷாங்காய் மாணவர்கள்' என்றோ குறுகிவிடும். மூன்றாவதாக எல்லா எண்களையும் மூலத்தோடு ஒப்பிட்டு, வான், யி அட்டவணையை ஒருமுறை பாருங்கள். ஷான்சி எங்காவது வந்தால் எந்த ஷான்சி என்று நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.